மூன்றாவது பழுது

புது அதிவேகச் சாலையில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு எல்லோரும் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். கோமதிநாயகமும் அவர் மனைவி செண்பகவல்லியும் கிளம்பி இது பதினோராவது நாள். அவர்களுடைய பழைய வேனில் கட்டிலும் அடுப்பும் உண்டு, அவசரம்தான் கிடையாது.

வேம்பாற்றைத் தாண்டியதும் மீட்பு வண்டி வந்து மறித்தது. வண்டிகளைத் தானே கண்காணிக்கும் சாலை அது; நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஓடும் எதையும் பழுது என்றே எடுத்துக்கொண்டு ஆள் அனுப்பிவிடும். மூன்று முறை பழுது எழுதினால் வண்டியை உடைக்க அனுப்பிவிடுவார்கள்.

"இது மூணாவது தடவை சார். என்ன பழுது?" என்றாள் மீட்பு வண்டியை ஓட்டி வந்த ஜெசிந்தா.

"ஒண்ணுமில்லம்மா. உப்பளத்துல பூநாரை கூட்டமா நிக்கி, பாருங்க. அதான் உருட்டிக்கிட்டே வந்தோம்."

ஆறு வருடமாக இந்தச் சாலையில் பறக்கிறவள், முதல்முறையாக அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டு எழுதுங்களேன்," என்றாள் செண்பகவல்லி.

ஜெசிந்தா குடித்தாள். பறவைகளை எண்ணினாள். பாதியில் நான்கு பறந்துவிட, முதலிலிருந்து எண்ணினாள்.

அதற்குள் நீல விளக்கு சுழல இன்னொரு மீட்பு வண்டி வந்து நின்றது. அரை மணி நேரமாக அசையாத ஜெசிந்தாவின் வண்டியையும் சாலை பழுது என்று எடுத்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, வண்டில என்ன பழுது?" என்று பதறிக்கொண்டே இறங்கினான் ஓட்டி வந்தவன்.

"ஒண்ணுமில்லடா, உக்காரு," என்று சொன்ன ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேனுக்கும் அதையே எழுதினாள்: ஒன்றுமில்லை.

செண்பகவல்லி காபிப் பாத்திரத்தில் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.