பொம்பிளைக்கு என்ன வயது?

"இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வேண்டாமாம்! எந்த மாமியாராவது இப்பிடிச் சொல்லுவாவே?"

தரகர் சண்முகலிங்கத்தாருக்கு வந்ததே கோவம்! அல்பர்ட்ஸ்லுண்ட் நகரத்தில அவர் ஏறி இறங்காத தமிழ் வீடில்லை. இப்பிடியொரு மறுமொழியை எங்கையும் கேட்டதில்லை.

"டெனிஸ் சட்டம் தெரியாதே அண்ணை?" எண்டா சுசீலாதேவி. "இருபத்திநாலு முடியாட்டிப் பொம்பிளையை இஞ்ச எடுக்கேலாது. ரெண்டு வருசம் என்ர பெடியன் காத்துக்கொண்டு நிக்கிறதோ? வேற இடம் பாருங்கோ."

"உங்கட மகன் நிருபன் படத்தைப் பாத்துத் தலையாட்டிப்போட்டானே தங்கச்சி. ஊரில சண்டை முடிஞ்சு ரெண்டு மாதம். தாயும் தேப்பனும் செல்லடியில செத்துப்போச்சினம். பிள்ளை வினோதா அகதி முகாமில, முள்ளுக்கம்பிக்குள்ள தனிய நிக்குது."

"அதுக்கு நான் என்ன செய்ய?" எண்டவ, புருசன் சிவபாலனைப் பாத்து, "இஞ்சேருங்கோ, அண்ணைக்கு ஒரு கோப்பி போடுங்கோ" எண்டா.

சிவபாலன் எழும்பிக் குசினிக்குப் போனார். அந்த வீட்டில அவர் வாய் திறக்கிறதே அருமை.

தரகர் தலையைச் சொறிஞ்சார். பிறகு மெல்லமாச் சொன்னார்.

"உண்மையைச் சொல்லட்டே? பிள்ளைக்கு இருபத்தேழு. பழக்கதோசத்தில அஞ்சைக் குறைச்சுப்போட்டன்."

"இருபத்தேழோ! நிருபனுக்கு இருபத்தாறெல்லோ? மாப்பிளையிலும் மூத்த பொம்பிளையோ?"

ஐயோ பாவம் மனுசன். குறைச்சால் சட்டம் விடாது, கூட்டினால் சனம் விடாது. படத்தை எடுத்துப் பைக்குள்ள வைக்கப் போனார்.

சுசீலாதேவி படத்தை எட்டிப் பிடிச்சா. குசினிப் பக்கம் ஒருக்காப் பாத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தினா.

"விசாக் கந்தோருக்கு இருபத்தேழைக் குடுப்பம். இவருக்கும் சனத்துக்கும் இருபத்தஞ்செண்டு சொல்லுவம். நானும் இவரிலும் ரெண்டு வயது மூப்பு அண்ணை. இருபத்தெட்டு வருசமா மனுசனுக்குத் தெரியாது."

கோப்பியோட வந்த சிவபாலன் கோப்பையை மேசையில வைச்சார்.

"பிள்ளைக்கு இருபத்தேழெண்டே எல்லாருக்கும் சொல்லுங்கோ அண்ணை. அந்த முகாமில இருந்து கெதியா எடுக்கிற வழியைப் பாப்பம்."

சுசீலாதேவிக்கு முகம் வெளிறிப்போச்சு.

"மூத்த பொம்பிளையெண்டு சனம் கதைக்குமெல்லே?"

"கதைக்கும். எங்கட கலியாணத்துக்கு முதல் நாளும் என்னட்டை வந்து கதைச்சதுதானே" எண்டார் சிவபாலன். "அதுக்காக நான் தாலி கட்டாமல் விட்டனானே?"