மூன்று பிடி மணல்

கான்கிரீட் கலவை வண்டியின் வயிறு மெதுவாகச் சுழல்கிறது. ஓமன் பாலைவனத்தின் சாயங்கால வெயில் அதன் சிமெண்ட் படிந்த முதுகில் மங்கலாக மின்னுகிறது. ஜர்வலியின் ஒரு கை நெம்புகோலில் இருக்கிறது. மறுகை கைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. பாகிஸ்தானின் ஸ்வாத்தில், அவன் ஊரில், அப்பாவைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். "மண்ணு போட ஆரம்பிச்சுட்டாங்க, லாலா," என்கிறான் தம்பி; அவர்கள் மொழியில் அண்ணன் என்றால் லாலா. அதோடு குரல் அறுந்துபோகிறது. மின்கோபுரத்துக்கான அடித்தளம் பாதிதான் நிரம்பியிருக்கிறது. இப்போது நிறுத்தினால், இறுகிய கான்கிரீட்டோடு புதியது ஒட்டாது.

"நீங்க கொஞ்சம் உக்காருங்க லாலா. நான் ஓட்டுறேன்," என்கிறான் வங்காளத்து மொஹிபுல்.

"உன்கிட்ட குடுத்தா கோபுரம் படுத்துக்கிட்டுத்தான் நிக்கும்."

மொஹிபுல் சிரிக்கவில்லை. அடுத்த கலவைக்கான மணலை வாளியில் அளக்கிறான். ஜர்வலி இறங்கி வருகிறான். அப்பாவின் குழியில் மகன் மூன்று பிடி மண் போடவேண்டும். குனிந்து காலடி மணலை அள்ளுகிறான். மாவு போன்ற மணல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரல்களைத் திறக்கிறான். காற்று அதைக் கொண்டுபோகிறது. இந்த மணல் சிமெண்டோடு சேராது. லாரியில் வந்த கரட்டு மணல் குவியல்வரை நடந்துபோய் அள்ளுகிறான். ஒவ்வொரு பிடியாக, உதடு அசைய, வண்டியின் வாய்க்குள் போடுகிறான். சுழலும் சத்தத்தில் மணல் விழும் சத்தம் கேட்கவில்லை.

கலவையின் அளவு மாறாமலிருக்க, மொஹிபுல் அளந்து வைத்த வாளியிலிருந்து மூன்று பிடி மணலை எடுத்துக் கீழே விடுகிறான்.