அப்பாவின் பொருத்தனை

தட்டில் ஆற்காடு மக்கன் பேடா. அப்பாவின் வாயில் பொருத்தனை.

“எங்க கிருபாவுக்கு நல்ல எடம் அமையற வரைக்கும் இனிப்பு தொடறதில்லன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்” என்றார், மாப்பிள்ளை வீட்டாரிடம்.

ஆண்டவரிடம் இவர் சொன்னது எனக்குத் தெரியாது. டாக்டர் இவரிடம் சொன்னது தெரியும். காலையும் மாலையும் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து இவருக்கு இன்சுலின் போடுவது நான்தான்.

சர்க்கரையில் அப்பா பத்துக் கிலோ இளைத்தார். உபவாச ஜெபத்தின் பலன் என்றது ஆம்பூர் சபை. அப்பா மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சியே சொல்லிவிட்டு வந்தார்.

மறைக்கக் காரணம் உண்டு. பெண்ணுக்கும் சர்க்கரை வரும் என்று போன வருடம் குடியாத்தத்துக்காரர்கள் பாதியில் எழுந்து போனார்கள். எனக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. இதுவும் போனால் அம்மா தாங்கமாட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா பேடாவை எடுத்து அப்பாவின் கையிலேயே வைத்தார். “அதான் எடம் அமைஞ்சிடுச்சே அண்ணே. இன்னா இன்னும் பொருத்தனை?”

ஆண்டவர் இவ்வளவு சீக்கிரம் செவிகொடுப்பார் என்று அப்பா எதிர்பார்க்கவில்லை.

எனக்காகச் சாப்பிட்டார். முதல் இரண்டை அவர்கள் கொடுத்தார்கள். மூன்றாவதை அவரே எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை ஜெயகரன், ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் கிளார்க், ஒன்றையும் தொடவில்லை. பல்வலியாம். வாய் கொப்பளிக்கப் பின்கட்டுக்குப் போய்வந்தார்.

அந்த வழியில்தான் எங்கள் பானை இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் புட்டி அதற்குள்தான் நூலில் தொங்கும். தண்ணீர்ப் பானையை யார் சந்தேகப்படுவார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்த ஜெயகரன், சம்மதம் என்றார். மே மாதம் கல்யாணம் என்று முடிவாகி, எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். பானைக்குள் கைவிட்டேன்.

எங்கள் புட்டி வந்தது. கூடவே ஒரு கைக்குட்டை முடிச்சும் வந்தது. அதற்குள் பாதி தீர்ந்த இன்னொரு இன்சுலின் புட்டி.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயகரன் தனியாக, மூச்சிரைக்க நின்றார்.

“குடைய உட்டுட்டுப் போய்ட்டேன்.”

அவர் குடை கொண்டுவரவே இல்லை.

முடிச்சை நீட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. குடியாத்தத்துக்காரர்கள் எழுந்தபோது அப்பாவின் முகம் இப்படித்தான் இருந்தது. தன் புட்டியை வெயிலுக்குக் குளிரவைக்கப் பானையைத் திறந்து, எங்கள் புட்டியைப் பார்த்துவிட்டுத்தானே இவர் சம்மதம் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் நான் முதன்முதலாகப் பேசினேன்.

“எத்தன யூனிட்?”