இருக்கியா?

அடுத்தடுத்த மூன்று பால்கனிகளில் மூன்று கூண்டுகள். முதலில் கிளி, நடுவில் மைனா, கடைசியில் புறா. மூன்றுக்கும் தீராத மூச்சிளைப்பு. இடையில் சுவர் என்பதால் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, பேச்சு மட்டும்தான். "எப்படி இருக்கே?" என்று யாரும் கேட்கக் கூடாது, அது கிளி போட்ட சட்டம். விடிந்ததும் "இருக்கியா?", "இருக்கேன்டி". அவ்வளவுதான்.

ஒருநாள் கிளியிடமிருந்து பதில் இல்லை. காலிக் கூண்டைக் கழுவும் சத்தம் மைனாவுக்கு மட்டும் கேட்டது.

"கிளியக்கா குரல் கேட்காம எனக்கு இரை இறங்காது," என்று அழுதது புறா.

"சும்மா ஒப்பாரி வைக்காதே! அக்கா தூங்குது. நீ முதல்ல தின்னு, அப்புறம் எழுப்பறேன்," என்று பேரம் பேசியது மைனா. புறா கொத்தியதும், மைனா கிளியின் குரலில் "இருக்கேன்டி" என்றது.

அன்றிலிருந்து மைனாவுக்கு இரண்டு குரல்.

ஒரு விடியலில் அதற்கு மூச்சு விடுவதே பெரும்பாடாகிவிட்டது.

"கிளியக்கா, இருக்கியா?" என்று கேட்டது புறா. பதில் இல்லை. "மைனா, இருக்கியா?" அதற்கும் இல்லை.

புறா தன் கட்டைக் குரலிலேயே கிளி மாதிரி "இருக்கேன்டி" என்று சொல்லிக்கொண்டது. பிறகு மைனா மாதிரி, "இருக்கேன், முதல்ல தின்னுடி," என்றது. இரை கொத்தும் சத்தம் கேட்டது.

'என் குரல் இவ்வளவு கேவலமாவாடி இருக்கு?' என்று திட்ட வாயைத் திறந்தது மைனா. வெறும் காற்றுதான் வந்தது.