ஐந்து கட்டைவிரல்கள்

புற்றுநோய் வார்டு கம்ப்யூட்டருக்கு அன்று தலைகால் புரியவில்லை. பொன்னுத்தாயின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்திருந்தது. கட்டியில் புற்று இல்லவே இல்லை! உடனே சிகிச்சைக் குழுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியது. சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் டாக்டர், பார்மசிஸ்ட் என்று ஐந்து பேரிடமிருந்தும் மளமளவென்று ‘சபாஷ்’ கட்டைவிரல் படங்கள் திரையில் வந்து விழுந்தன.

“பாத்தீங்களா அண்ணே! அரை நிமிஷத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு!” என்று பக்கத்திலிருந்த மேஜை போனிடம் கம்ப்யூட்டர் துள்ளியது.

“எதிர் பெஞ்சுல இருக்கிற அம்மாவுக்கு?” என்றது போன்.

அங்கே பொன்னுத்தாய் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அதை யாராவது சொல்லியிருப்பாங்க.”

“அஞ்சு பேரும் அப்படித்தானே நினைச்சிருப்பாங்க?”

கம்ப்யூட்டருக்குப் பகீரென்றது. “அய்யோ, அந்தம்மா குழுவுலயே இல்லையே! மணி அடிங்க அண்ணே, விடாம அடிங்க!”

போன் அலறிய அலறலில் நர்ஸ் மரியபுஷ்பம் ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள். போனை எடுக்க மறந்து பெஞ்சுக்கு ஓடினாள்.

கம்ப்யூட்டர் காதைத் தீட்டிக்கொண்டது. முதலில் அழுகை கேட்டது, அப்புறம் சிரிப்பு. அதற்கப்புறம் பொன்னுத்தாயின் குரல்:

“சிஸ்டர், கேன்டீன்ல இட்லி தீர்ந்திருக்குமா?”