கழற்ற மட்டும் தெரியும்

"யாருப்பா நீ? கார்ல என்ன பண்ற?"

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்த திருப்புளிக்கு மூச்சே நின்றுவிட்டது. தொழில் வட்டாரத்தில் அவனுக்கு அதுதான் பெயர். தொழில், கார் ஸ்டீரியோ திருடுவது. பட்டப்பகலில், வணிக வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங்கில், இப்படிக் கையும் களவுமாக மாட்டுவது இதுதான் முதல் தடவை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் நின்றார்.

"மெ... மெக்கானிக் சார். ஸ்டீரியோல சத்தம் வரலைன்னு போன் வந்துச்சே?"

வெள்ளைச் சட்டை கொஞ்சம் முழித்தது. "ஓ... வீட்ல பண்ணியிருப்பா. எங்கிட்ட எதைத்தான் சொல்றா!"

முகம் தெரியாத அந்த வீட்டம்மாவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நைசாகக் காலை வெளியே வைத்தான் திருப்புளி. "அப்ப நான் நாளைக்கு வரேன் சார்."

"ஏய், ஏய்! எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு நாளைக்குன்னா? நான் இப்பவே கிளம்பணும்." சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். காரிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. "என்னய்யா இது, செத்துப்போச்சா?"

"பேட்டரி வயரைக் கழட்டி வச்சிருக்கேன் சார். ஒரு பாதுகாப்புக்கு."

யாருடைய பாதுகாப்புக்கு என்று அவர் கேட்கவில்லை. "மாட்டு. இந்த ஸ்டீரியோ பெட்டியையும் உள்ள தள்ளு, கியர் போட முடியல."

திருப்புளிக்கு வியர்த்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து கழற்றியிருக்கிறானே தவிர, ஒன்றைக்கூடத் திரும்ப மாட்டியதில்லை. ஓடிவிடலாமென்றால், அவர் ஒரு குரல் கொடுத்தால் காவலாளி வந்துவிடுவான். பெட்டி பாடினால் வீடு, பாடாவிட்டால் லாக்கப்.

அவர் பக்கத்திலேயே நின்று பார்க்க, பேட்டரி வயரை மாட்டி, பெட்டியையும் உள்ளே தள்ளினான். அவர் சீட்டுக்குத் திரும்பிச் சாவியைத் திருக, என்ஜின் உறுமியது. ஸ்டீரியோவில் விளக்கு எரிந்தது. சத்தம்தான் இல்லை.

"சரி பண்ணிட்டேன் சார், வரேன்."

"எங்க, போடு பார்ப்போம். ராத்திரி பூரா ஓட்டணும்யா, பாட்டு இல்லாட்டி தூங்கிடுவேன்."

வால்யூமை மெல்லத் திருகினான். பிறகு பாதி. பிறகு முழுசாக. பெட்டி கமுக்கமாக இருந்தது.

"மியூட்ல இருக்குமோ?" வெள்ளைச் சட்டை கண்ட பொத்தானையெல்லாம் அமுக்கியது. கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது, வைப்பர் தலையாட்டியது.

"சார், அது வைப்பர்."

"தெரியும்யா! அழுக்கா இருந்துச்சு, துடைச்சேன்."

"ஃபியூஸும் நல்லாத்தான் இருக்கு சார்."

"முதல்ல ஸ்பீக்கர் இருக்கா பாரு. எவனாவது திருடிட்டுப் போயிருப்பான். காலம் கெட்டுக் கிடக்கு."

"ஆமா சார், யாரையும் நம்ப முடியல."

இருவரும் ஒருசேரப் பெருமூச்சு விட்டார்கள்.

பெட்டியை மறுபடி வெளியே இழுத்துப் பின்பக்கம் பார்த்தபோதுதான் திருப்புளிக்கு உறைத்தது. ஸ்பீக்கர் வயர்களை அவசரத்தில் அவனே அல்லவா அறுத்திருந்தான்!

"இதோ சார்! யாரோ வயரை அறுத்து வச்சிருக்காங்க!"

"படுபாவி! அவன் கை விளங்குமா?"

திருப்புளி தன் கையை ஒருமுறை கவலையோடு பார்த்துக்கொண்டு, வயர் முனைகளைப் பல்லால் சீவி, நிறத்துக்கு நிறம் முறுக்கினான். பச்சையோடு பச்சை. ஊதாவோடு ஊதா. கடைசி முடிச்சு விழுந்ததுதான் தாமதம்...

முழு வால்யூமில் ஒரு குத்துப்பாட்டு வெடித்தது. பார்க்கிங் தூண்கள் அதிர்ந்தன. பக்கத்துக் கார்களின் அலாரங்களெல்லாம் சேர்ந்து கோரஸ் பாடின.

"பின்னிட்டடா தம்பி!" வெள்ளைச் சட்டை ஸ்டீயரிங்கில் தாளம் போட்டது. திருப்புளி சீட்டில் உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கி ஆடினான். அவன் கைபட்டு ஊமையான பெட்டிகள் எத்தனையோ. பாடியது இது ஒன்றுதான். கண்கூடக் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு, இரண்டு கையிலும் பைகளோடு லிஃப்ட் பக்கமிருந்து ஒரு பெண் ஓடிவந்து காரை மறித்து நின்றாள்.

"வீட்டம்மாவே வந்துட்டாங்க சார்!" திருப்புளி பூரிப்போடு கண்ணாடியை இறக்கினான். "பாருங்கம்மா, எப்படிப் பாடுது!"

"யாருய்யா நீங்க ரெண்டு பேரும்? என் கார்ல என்ன பண்றீங்க?"

சார் பதில் சொல்லட்டும் என்று திரும்பினான். ஓட்டுநர் சீட் காலி. வெள்ளைச் சட்டை பார்க்கிங் வாசலைத் தாண்டிப் பறந்துகொண்டிருக்க, சாவித் துவாரத்தில் ஒரு கொத்துக் கள்ளச்சாவி பாட்டுக்கேற்றபடி குலுங்கிக்கொண்டிருந்தது.