மூன்று நாள் நகல்

நாகவல்லி காலிப் பையோடு நின்றாள். ரேஷன் கடை எழுத்தர் சத்தியமூர்த்தி பதிவேட்டை நான்காவது தடவையாகப் புரட்டினார்.

புருஷன் வீட்டுப் பக்கத்தில் அவள் பேர் இல்லை. அப்பன் வீட்டுப் பக்கத்திலும் இல்லை.

பேர் இல்லாத ஆளுக்கு அரிசி கிடையாது. பெட்டி நிறைய நகை வைத்திருப்பவர்களுக்கே வெளிக்கடை அரிசி கட்டுபடியாகாத வருஷம் அது.

தப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

ஆவணியில் பதிவேட்டைக் கறையான் தொட்டது. நகல் எடுக்க உட்கார்ந்தார். எடை போடுகிற பெத்தன் அன்றைக்கே சொன்னான்: சரக்கு இருப்பு எடுக்கிற நாளில் எந்த வியாபாரியும் கடையைச் சாத்திவிடுவான், நகல் முடிகிறவரை பழையதில் பேர் சேர்க்கவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம்.

எடைக்கல்லைத் தூக்குகிறவன் எழுத்தருக்குப் புத்தி சொல்வதாவது. அவர் கேட்கவில்லை.

முதல் நாள் மேலத்தெருவை எழுதி முடித்தார். நாகவல்லியின் புருஷன் வீடு அதில்தான்.

இரண்டாம் நாள் அவளுடைய அப்பன் வந்து நின்றார். குன்றக்குடியில் அவளுக்குத் தாலி கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. செத்தவர்கள் பேரிலும் சர்க்கரை வாங்குகிற ஊரில், மகள் பேரை இன்றைக்கே அடித்து அந்த வீட்டில் சேர்க்கச் சொன்ன ஒரே மனுஷர். சத்தியமூர்த்தி பழைய பதிவேட்டில் அப்பன் வீட்டில் அடித்தார், புருஷன் வீட்டில் சேர்த்தார்.

மூன்றாம் நாள் கீழத்தெரு. அப்பன் வீட்டில் அடிபட்ட பேரை விட்டுவிட்டு மற்றதை எழுதினார். முதல் நாளே எழுதி முடித்த மேலத்தெரு நகலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் சுவர் சரிந்து பழைய பதிவேடு கூழாகிப் போனது. இனி நகல்தான் நிஜம்.

அதற்குப் பிறகு மேலத்தெரு வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை அரிசி வாங்கிப் போனார்கள். மருமகள் பேர் விட்டுப்போனதாக ஒருவரும் சொல்லவில்லை.

சத்தியமூர்த்தி மேலத்தெருப் பக்கத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"எம் பெசகுதான் ஆத்தா. இந்தா, ஒன் புருசன் பேருக்குக் கீழயே எழுதிப்புடுறேன்."

அவள் பக்கத்தின் மேல் கையை வைத்தாள்.

"வேணாம். ரெண்டு வீட்டுலயும் நா இல்ல. சரியாத்தான் எழுதியிருக்கீக."

பெத்தன் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

எழுத்தர் புதுப் பக்கம் திருப்பினார். பேர் எழுதினார். நபர்: ஒன்று.

கதவு எண் என்ற இடத்தில் பேனா நின்றது. எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை.